மூடுபனி ஊரில் அலாய் வீல் பளபளக்க

குன்னூரில் அலாய் வீல் மங்குகிற விதமே வேறு. கோயம்புத்தூரில் ஓடும் கார்களின் சக்கரத்தில் புழுதி படியும், கழுவினால் போய்விடும். இங்கே அப்படி இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும் கார்களின் முன் சக்கரங்களைப் பாருங்கள். டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் உதிரும் இரும்புத் துகள் சூட்டோடு பறந்து வந்து சக்கரத்தில் ஒட்டுகிறது. பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனி அதை நனைக்கிறது. அப்புறம் ராத்திரி முழுக்க ஈரம்தான். இப்படியே சில மாதம் போனால் அந்தத் துகள்கள் துருவேறி, எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் அசையாத பழுப்புப் புள்ளிகளாகிவிடும். பின் சக்கரங்களில் இது குறைவு. பெரும்பாலான சின்ன கார்களில் பின்னால் டிரம் பிரேக், தூசி அதற்குள்ளேயே அடைந்து கிடக்கும்.

நான் இங்கே ஒரு டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரின் பல் மழுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சொல்லிப் பழகிய கை. உலோகத்தைத் தேய்த்து வழிக்குக் கொண்டுவருவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. சித்தப்பா தன் மாருதி 800-ஐ என்னிடம் விட்டபோது அதிலிருந்த 12 அங்குல அலாய் வீல்கள் நான்கும் சாம்பல் பூத்துக் கிடந்தன. அவற்றை வீட்டு வாசலிலேயே வைத்துப் பளபளப்பாக்கினேன். அந்த வேலையை மலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சமவெளிக்காரர்கள் சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே ஒத்துவராது. தேய்ப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். தேய்த்த உலோகத்தை ஈரத்திலிருந்து எப்படி மூடி வைக்கப்போகிறோம் என்பதை இங்கே முதலிலேயே முடிவு செய்துகொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

அலாய் வீல் அலுமினியக் கலவையில் வார்த்தது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. காற்றுப் பட்டதுமே அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். அது கண்ணுக்கே தெரியாது, பளபளப்பையும் கெடுக்காது. அடியில் இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றுவதே அதுதான். ஆனால் அந்தப் படலம் தாங்குவது, அமில-கார அளவான pH சுமார் 4-லிருந்து 8.5 வரைதான். அமிலம் அதற்குமேல் கடுமையானாலும் கரையும், காரம் ஏறினாலும் கரையும். வீட்டில் இட்லிப் பானையின் உட்புறம் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் காரத்தன்மையுள்ள தண்ணீர் கொதிக்கக் கொதிக்க, படலம் தடித்துக் கறுக்கிறது. அம்மா பானைத் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியோ போடுவது இதற்காகத்தான். சக்கரத்திலும் இதே ரசாயனம்தான் நடக்கிறது. பிரேக் தூசியும் ஈரமும் சாலை அழுக்கும் சேர்ந்து படலத்தை அங்கங்கே அரித்துக் குழி போடுகின்றன. வழவழப்பான பரப்பு வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். குழி விழுந்த பரப்பு நாலாபக்கமும் சிதறடிக்கும். அந்தச் சிதறலைத்தான் நாம் மங்கல் என்கிறோம். அதனால் எண்ணெயோ கிரீமோ தடவினால் நாலு நாள் மினுங்கும், அவ்வளவுதான். பரப்பைச் சமப்படுத்தாமல் பளபளப்பு திரும்பாது.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் ஒரே நிமிடத்தில் வெளுத்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அழுக்கோடு உலோகத்தையும் தின்னும், மிச்சம் தங்கும் குளோரைடு பிறகும் குழி தோண்டிக்கொண்டே இருக்கும். காஸ்டிக் சோடா, சலவை சோடா இரண்டும் அதேபோலத்தான். அலுமினியத்தோடு சேர்ந்து நுரைத்து ஹைட்ரஜன் வாயுவை விடும், சக்கரம் கறுத்துப்போகும்.

தேய்க்கத் தொடங்கும் முன் சக்கரத்தின் மேல் என்ன பூச்சு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் லைன் வீட்டில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். என் வீல்களைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்.

"அண்ணா, என் வண்டிக்கும் இதே மாதிரி பண்ணிக் குடுங்க. உப்புத்தாள் எல்லாம் நானே வாங்கிட்டு வந்துர்றேன்."

அவர் வண்டியில் இருப்பது டைமண்ட் கட். கம்பெனியிலேயே லேத்தில் முகப்பைச் சீவி, மேலே கிளியர் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சு அடித்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பழைய இசைத்தட்டில் இருப்பதுபோல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். அதைக் கையால் தேய்த்தால் அந்தக் கோடுகள் அழிந்துவிடும், திரும்பக் கொண்டுவர கணினியால் இயங்கும் சி.என்.சி. லேத்தில்தான் ஏற்ற வேண்டும். "தம்பி, இதுல உப்புத்தாள் படவே கூடாது. ஷாம்பூ போட்டுக் கழுவி மெழுகு போடுங்க, போதும்" என்றேன். அவருக்கு மனசு வரவில்லை. ஒரு சக்கரத்தில் கிளியர் உரிந்த இடத்தைக் காட்டினார். அங்கே பூச்சுக்கு அடியில் வெள்ளை நூல் நெளிந்து ஓடியதுபோல அரிப்பு. கல் பட்டுக் கிளியர் சில்லு பெயர்ந்த இடத்தில் அது ஆரம்பிக்கும், காற்றில் ஈரம் 75 சதவீதத்துக்கு மேல் நிற்கும் ஊரில் நன்றாக வளரும். குன்னூருக்கு அது வருஷத்தில் பாதி நாள் இருக்கும் நிலைதான். அந்த இடத்துக்கு மேல்பூச்சு போட்டு ஏமாற்ற முடியாது. முழுக்க உரித்துவிட்டு லேத்தில் ஏற்றும் கடைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பூச்சு இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் தெரியாவிட்டால் ஒரு எளிய சோதனை உண்டு. வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் எடுத்து மறைவான ஓர் இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெறும் உலோகம். கறுக்காவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. கிளியர் நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டியதே இல்லை.

சக்கரத்தைக் கழற்றுவதில் புதிதாக ஒன்றுமில்லை. சரிவில் நிற்கும் வாசல்தான் நம் ஊரில் எல்லோருக்கும். அதனால் கியரில் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு அடியில் கல் கொடுத்த பிறகுதான் ஜாக்கி. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிக்கொள்ளுங்கள். நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சக்கரம் போய் உட்காரும் இரும்பு ஹப்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டி நிற்கும்போது இரண்டுக்கும் இடையில் மின்வேதி அரிப்பு ஏற்பட்டுப் பிடித்துக்கொள்ளும். டயரின் பக்கவாட்டில் மரக்கட்டை வைத்து மாற்றி மாற்றித் தட்டினால் விடும். கழற்றிய பிறகு பின்புறம், ஸ்போக்கின் அடி, நட்டு உட்காரும் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் பாலிஷ் பேச்சே வேண்டாம், அந்தச் சக்கரத்தை ஓரம் வையுங்கள். வெல்டிங் வைத்த சக்கரத்தை நம்பி மேட்டுப்பாளையம் பாதையில் பர்லியார் இறங்க நான் தயாரில்லை.

டயரைக் கழற்ற வேண்டிய அவசியமில்லை. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, விளிம்புக்கும் டயருக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சுற்றிலும் சொருகிவிடுங்கள். வழவழப்பான தடித்த அட்டை, ரப்பரில் உப்புத்தாள் படாமல் காக்கும். பேலன்ஸ் எடை ஒட்டியிருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்தாலும் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

கழுவும்போது தூசியை ஊதவோ உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவோ கூடாது. பழைய பிரேக் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, ஷாம்பூவும் பழைய டூத் பிரஷ்ஷும். தார் ஒட்டியிருந்தால் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தால் வரும். பழுப்புப் புள்ளிகளுக்கு அயர்ன் ரிமூவர் என்று கார் கடைகளில் ஒரு திரவம் கிடைக்கும். அடித்ததும் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். நாற்றம் தாங்காது, வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். உலர விடாமல் கழுவிவிடுங்கள். கம்பி நார், ஸ்டீல் ஸ்கிரப்பர் இரண்டையும் தள்ளி வையுங்கள். அதிலிருந்து உடையும் இரும்புத் துணுக்கு மென்மையான அலுமினியத்தில் பதிந்து, நாம் எடுத்த அதே துருவைத் திரும்பக் கொண்டுவரும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நார் போதும்.

சித்தப்பா வண்டி வீல்களில் பழைய கிளியர் பாதி உரிந்து திட்டுத்திட்டாக இருந்தது. அதை முழுக்க எடுக்க பெயிண்ட் ரிமூவர். ரப்பர் கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். நம் குளிருக்கு அது மெதுவாகத்தான் வேலை செய்யும், அதற்குள் காய்ந்தும் போகும். பூசியதும் பெரிய பிளாஸ்டிக் கவரால் மூடிவிட்டால் ஈரமாகவே இருந்து பூச்சைச் சுருட்டி எழுப்பும். சீக்கிரம் ஆகட்டும் என்று புளோ லாம்ப் காட்டாதீர்கள். இந்தச் சக்கரங்கள் வெப்பப் பதப்படுத்தலில் வலிமை ஏற்றப்பட்டவை. கண்டபடி சூடுகாட்டினால் வலிமை இறங்கும், வெளியில் பார்த்தால் தெரியவும் தெரியாது.

இனி தேய்ப்பு. வேலை முழுக்க இதில்தான் இருக்கிறது.

வாங்க வேண்டியது பெயிண்ட் கடையில் விற்கும் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். 320, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று வரிசையாக. ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. தாளைச் சற்று ஊற வைத்து, பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய துண்டில் சுற்றிப் பிடியுங்கள். விரலால் நேரடியாக அழுத்தினால் விரல் படும் இடம் மட்டும் பள்ளமாகும். செருப்பு ரப்பர் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும், வளைவுக்கு வளைந்தும் போகும். பாறைச் சுவரில் உரசிய விளிம்புக்கு மட்டும் 320. மற்ற இடங்களுக்கு 400-லிருந்து தொடங்கலாம்.

முதல் சில இழுப்பில் தாள் கரகரவென்று பிடிக்கும். சாம்பல் நிறக் குழம்பு வழியும். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். கரகரப்பு குறைந்து, இழுப்பது சரசரவென்று ஒரே சீராகும். அந்தச் சத்தம்தான் அந்தத் தாளின் வேலை முடிவுக்கு வருகிறது என்பதற்கு அடையாளம். அப்போது நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி உலர்த்தி, டார்ச்சை ஏறத்தாழ படுக்கை வாட்டில் அடித்துப் பாருங்கள். ஈரத்தோடு பார்த்தால் எல்லாமே பளபளப்பாகத்தான் தெரியும். உலர்ந்தபின் பழைய கீறல்கள் எதுவும் இல்லாமல் இந்தத் தாளின் கோடு மட்டும் ஒரே மாதிரி தெரிந்தால் அடுத்த நம்பருக்குப் போகலாம். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். 400-ஐ நீளவாக்கில் தேய்த்தால் 600-ஐக் குறுக்கே. முந்தைய கோடு மிச்சமிருந்தால் குறுக்கே நிற்பது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். நம்பர் மாறும்போது வாளித் தண்ணீரையும் மாற்ற வேண்டும். ஒரே ஒரு பழைய மணல் துகள் 1500-ல் வந்து மாட்டினால் நீளமாகக் கிழித்துவிடும். 400 முடிந்ததும் 1000-க்குத் தாண்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. தாண்டிய கோடுகளை 1000 எடுக்காது, கடைசியில் பாலிஷ் போடும்போதுதான் கண்ணில் படும், திரும்ப 600-க்குப் போக நேரும்.

ஹப்பில் போய் உட்காரும் பின் முகத்திலும், நட்டு உட்காரும் கூம்புத் துளைகளிலும் தாள் வைக்கக் கூடாது. அந்த அளவுகள் மாறவே கூடாதவை. தேய்க்கத் தேய்க்க ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் சில வெளிவரும். வார்க்கும்போது சிக்கிய வாயுவின் துளைகள் அவை. அவற்றைத் துரத்திக்கொண்டு ஆழமாகப் போக வேண்டாம், இருக்கட்டும்.

குரோம் போலக் கண்ணாடியாக வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். வார்ப்பு அலாய் வீல்களுக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது ஏ356 என்ற கலவை. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும். சிலிக்கான் இருப்பதால்தான் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உருகிய உலோகம் நன்றாக ஓடி நிரம்புகிறது. அதே சிலிக்கான் துகள்தான் பளபளப்பில் ஒரு மெல்லிய சாம்பல் சாயலையும் விடுகிறது. எனக்கு அந்தச் சாயல் பிடிக்கும். பழைய வண்டிக்கு அதுதான் பொருத்தம்.

2000 முடிந்ததும் சக்கரத்தில் நம் முகம் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். இனி அலுமினியத்துக்கென்றே வரும் பேஸ்ட் பாலிஷ், ஆட்டோசால் மாதிரி ஏதாவது. சக்கரத்தைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள், குளிர்ந்த உலோகத்தில் பேஸ்ட் கட்டியாகவே கிடக்கும். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் இதற்கு அருமையான துணி, தையல் இருக்கும் துண்டுகளை மட்டும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் எடுத்துக்கொண்டு, பேஸ்ட் தடவி, கறுப்பாகும்வரை தேய்த்து, கறுப்பு காய்வதற்குள் துடைக்க வேண்டும். வெறும் அலுமினியத்தில் துணி கறுப்பது நிற்கவே நிற்காது. அதனால் துணியைப் பார்க்காமல் உலோகத்தைப் பாருங்கள். இரண்டு முறை துடைத்த பிறகும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த இடம் முடிந்தது. மூலைகளில் மிஞ்சும் கறுப்புப் பிசுக்குக்குக் கொஞ்சம் மைதா மாவு தூவி, புதுத் துணியால் துடைத்தால் மாவு பிசுக்கை இழுத்துக்கொண்டு வந்துவிடும். பெரிய லாரிகளின் அலுமினிய டாங்குகளுக்கு இப்படித்தான் செய்வார்கள்.

டிரில் மெஷினில் பஃப் என்ற துணிச் சக்கரத்தை மாட்டிச் செய்தால் வேலை சீக்கிரம் நடக்கும். மெதுவான வேகத்தில் வையுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மஃப்ளர், சால்வை, கழுத்தில் தொங்கும் எதுவானாலும் கழற்றிவிட்டு மெஷினைத் தொடுங்கள். குளிருக்குப் போர்த்திக்கொண்டே வேலை பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். சுற்றும் பஃப்பில் நூல் மாட்டினால் கையை எடுக்க நேரம் இருக்காது.

இப்போது மூடுவது பற்றி. வெறும் உலோகமாக விட்டால் நம் ஈரத்தில் சில வாரங்களில் மங்கத் தொடங்கிவிடும். வழி இரண்டு: மெழுகு அல்லது கிளியர்.

ஸ்பிரே டப்பாவில் வரும் கிளியரை மலையில் அடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதிலுள்ள தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிரில் கண்ணுக்குத் தெரியாத பனித்துளிகள் படிந்து, கிளியர் வெள்ளை பூத்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனிலிருந்தே தென்மேற்கு. இரண்டு மழையும் ஓய்ந்து, ஜனவரி பாதிக்குமேல் மார்ச்வரை, காலை பதினொன்றுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் காய்ந்த வெயில்தான் அதற்கு நேரம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் பாலிஷ் பிசுக்கு முழுக்க எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும், பிறகு விரல் படக் கூடாது. நன்றாக நிற்பது இரண்டு பாகம் கலந்து அடிக்கும் 2கே கிளியர்தான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகக்கவசம் போதாது. அதை பெயிண்ட் பூத் இருக்கும் ஒர்க்ஷாப்பிடம் விட்டுவிடுவது நல்லது.

நான் மெழுகைத்தான் தேர்ந்தெடுத்தேன், மலையில் தினமும் ஓடும் வண்டிக்கு அதையே சொல்வேன். கிளியர் ஒரு சில்லு பெயர்ந்தால் போதும், ஈரம் உள்ளே நுழைந்து நூல் நூலாக ஓட ஆரம்பிக்கும். அப்போது மொத்தத்தையும் உரிக்க வேண்டும். மெழுகு போட்ட வெறும் உலோகம் மங்கினால் பாலிஷ் துணியால் ஒரு தடவை தேய்த்து மறுபடி மெழுகு போட்டால் சரியாகிவிடும், தாள் எடுக்கவே வேண்டாம். கார்னாபா மெழுகோ சின்தெட்டிக் சீலன்ட்டோ, மெல்லிசாகத் தடவி, காய விட்டு, துடைத்து, மறுநாள் இன்னொரு பூச்சு. பின்புறத்துக்கும் போடுங்கள், பிரேக் தூசி முதலில் படிவது அங்கேதான். மழைக்காலத்தில் மாதம் இரண்டு முறையாவது மெழுகு வேண்டும். அந்தச் சிரமத்துக்கு ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் ஒர்க்ஷாப் கிளியருக்கே போகலாம்.

மாட்டும்போது ஹப்பின் துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டு மாட்டுங்கள். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கியபின் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் திரும்ப ஒருமுறை பார்ப்பது அலாய் வீல்களுக்கு அவசியம், காட் ரோட்டில் ஓடுபவர்களுக்கு மிக அவசியம்.

மேட்டுப்பாளையம் போய்த் திரும்பியதும் சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளலாம். ஆறிய பிறகு வெறும் தண்ணீரில் கழுவி, மூடுபனி இறங்கும் முன் துடைத்துவிடுங்கள். இறக்கத்தில் செகண்ட் கியரிலேயே வந்தால் தூசியே பாதி குறையும், பிரேக்கும் உங்கள் பேச்சைக் கேட்கும்.

இன்னொன்று. வெளியில் வாங்கிப் போட்ட அலாய் வீல்களுக்குப் பல வண்டிகளில் தனி நட்டு இருக்கும். ஸ்டெப்னி இரும்பு வீலாக இருந்தால், அதற்குரிய பழைய நட்டுகள் ஒரு செட்டைத் துணியில் முடிந்து டிக்கியில் போட்டு வையுங்கள். குன்னூர் பக்கத்துக் காட்டேரி வளைவில் ராத்திரி பஞ்சர் ஆனால் அலாய் நட்டு இரும்பு வீலில் சரியாக உட்காராது.